உவர் களராகும் முன்னே

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களில் சம்பாப் பயிர் கதிர் வாங்கிப் பால் பிடித்து நின்றது. முந்தி நட்ட வயல்களில் முற்றவும் தொடங்கியிருந்தது. காலை ஒன்பது மணி வாக்கில், சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பிறந்த ஆழிப்பேரலை இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அத்தனை பிணங்களுக்கு நடுவே பயிரைப் பற்றி வாய்திறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு ஒருநாள் வயலுக்குப் போய்த்தானே ஆக வேண்டும். போனவர்கள் பார்த்தது, வரப்புக்குள் தேங்கிய கடல்நீரையும் அது இழுத்து வந்து போட்ட மணலையும் சேற்றையும். நீர் வற்றிய இடங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. இந்த மண்ணில் இனி நெல் விளையுமா? விளையும் என்றால் எத்தனை வருஷம் ஆகும்? கடலோரம் முழுக்க இந்தக் கேள்விதான்.

பத்து வருஷமாவது ஆகும் என்று அஞ்சியவர்கள் உண்டு. நடந்தது வேறு. பல வயல்களில் ஓரிரு ஆண்டுகளுக்குள் நெல் விளைந்தது. உப்பளத்தில் புல்கூட முளைக்காது என்பது நாம் கண்ணால் கண்ட உண்மை. அப்படியிருக்க, கடலே வந்து படுத்துவிட்டுப் போன வயல் இவ்வளவு சீக்கிரம் எப்படித் திரும்பியது? இன்னொரு புதிரும் இதோடு சேர்ந்து வருகிறது. கடல்நீர் புகுந்த நிலங்களில் சில, உப்பு முழுக்கக் கழுவப்பட்ட பிறகுதான் கெட்டுப்போகின்றன. கடல்நீர் நின்றபோது பொலபொலவென்று இருந்த மண், நல்ல மழை பெய்த பிறகு ஈரத்தில் கூழாகவும் காய்ந்தால் கல்லாகவும் மாறிவிடுகிறது.

இரண்டு புதிர்களுக்கும் விடையின் நுனி நம் மொழியிலேயே இருக்கிறது. கெட்ட நிலத்துக்கு நம் உழவர்கள் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்: உவர், களர். பேச்சில் இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. வேளாண் அறிவியலில் அவை இரண்டு வெவ்வேறு நோய்கள். கடல் ஒரு வயலை உவராக்கும். நாம் அவசரப்பட்டுச் செய்யும் வைத்தியம் அதைக் களராக்கும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள சில மாதங்களைப் பற்றியது.

ஓர் ஏக்கரில் 280 மூட்டை

ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர், களிமண் பாங்கு, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர். கணக்குக்காக நாம் வைத்துக்கொள்ளும் வயல்தான். ஆனால் இதில் வரும் அளவுகள் எல்லாம் உண்மையானவை.

அலை வந்தபோது இடுப்பளவு நீர் பாய்ந்திருக்கலாம். அதில் பெரும்பகுதி அலையோடு திரும்பிவிட்டது. வரப்புக்குள் தங்கியது 10 சென்டிமீட்டர் என்று வைப்போம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். அதன்மேல் 10 சென்டிமீட்டர் நீர் என்றால் 4 லட்சம் லிட்டர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆக, அந்த ஒரு வயலுக்குள் தங்கிய உப்பு 14,000 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் 280 மூட்டை.

மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 280 மூட்டையும் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. தண்ணீரில் கரைந்து மண்ணின் மேல் நிற்கிறது. டிசம்பர் கடைசியில் சம்பா வயல் ஏற்கெனவே நீர் குடித்து நிறைந்திருக்கும். நிறைந்த பானைக்குள் மேலும் நீர் இறங்குவது மெதுவாகத்தான். அந்த வகையில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அந்த வயல்களுக்கு ஒரு கவசமாக இருந்தது.

வரப்பை வெட்டி, வடிகாலைத் திறந்து, நிற்கிற நீரில் பாதியை அன்றோ மறுநாளோ வெளியேற்ற முடிந்தால் 140 மூட்டை உப்பு ஒரு பைசாச் செலவில்லாமல் வெளியே போகிறது. ஒரு மண்வெட்டியும் தூர்ந்துபோகாத ஒரு வடிகாலும் போதும். அதையே ஒரு வாரம் விட்டுவைத்தால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கரைசலாக ஓடியிருக்க வேண்டியது படிகமாக மண்ணில் உட்கார்ந்துவிடும். பேரிடர் மீட்பில் முதல் நாளின் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

மாவடு சுருங்குவது போல

மீதி உப்பு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அது பயிரை என்ன செய்கிறது?

மாவடு போட்ட வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். பறித்து வந்த பிஞ்சு உருண்டு திரண்டு இருக்கும். கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மூன்றாம் நாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும்; வடு சுருங்கியிருக்கும். நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. வெளியே உப்பு அதிகம் என்பதால் வடுவுக்குள் இருந்த நீர் தோலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் மெல்லிய சவ்வைக் கடந்து போகும் இந்த இயல்புக்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

நெல்லின் வேர் நீர் குடிப்பதும் இதே வழியில்தான். வேருக்குள் இருக்கும் சாறு, மண்ணில் உள்ள நீரைவிடக் கொஞ்சம் அடர்த்தியானது. அதனால் நீர் உள்ளே வருகிறது. மண்நீர் உப்பேறினால் அந்த ஓட்டம் தளர்கிறது. லிட்டருக்கு 2 கிராம் அளவுக்கு உப்பு ஏறும்போதே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். நம் ஏக்கரில் மிஞ்சிய 7 டன் உப்பு மேல்மண்ணின் ஓரடிக்குள் பரவி நின்றால், அங்கே உள்ள ஈரத்தில் லிட்டருக்கு 13 கிராம் போல உப்பு இருக்கும். கண்ணுக்கு எதிரே ஈரம் இருந்தும் பயிர் தாகத்தில் வாடும்.

இதுதான் உவர் நோய். மண்ணின் உடம்பு நன்றாக இருக்கிறது. அதில் உள்ள நீர் மட்டும் கெட்டிருக்கிறது. நீரை மாற்றினால் நோய் தீரும்.

மழை செய்கிற வேலை

நல்ல நீரை வயலில் நிறுத்தி, அது கீழே இறங்கும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு போகவிடுவதே உவருக்கு வைத்தியம். எவ்வளவு நீர் வேண்டும்? இதற்கு எளிய ஒரு வாய்ப்பாடு உண்டு. எத்தனை ஆழத்து மண்ணைக் கழுவ வேண்டுமோ அத்தனை ஆழத்துக்கு நீர் அதன் வழியே இறங்கினால், அந்த மண்ணில் உள்ள உப்பில் ஐந்தில் நான்கு பங்கு வரை போய்விடும்.

நம் ஏக்கருக்குப் போடுவோம். மேல்மண் ஓரடியில் 140 மூட்டை உப்பு. ஓரடி நீர் இறங்கினால் மீதி 28 மூட்டை. இன்னோர் அடி இறங்கினால் ஆறு மூட்டைக்குள். லிட்டருக்கு 13 கிராமாக இருந்தது அரை கிராமுக்கு வந்துவிட்டது. நெல் நடலாம்.

இரண்டடி நீருக்கு எங்கே போவது? நாகப்பட்டினம் காவிரியின் கடைமடை. மேட்டூர் திறந்து தண்ணீர் அங்கே வந்து சேரும்போது எத்தனை கைகள் மாறியிருக்கும் என்பது தஞ்சை வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர், அதாவது மூன்றடி மழை பெய்கிறது. போதாததற்கு 2005இன் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட மிக அதிகமாகக் கொட்டியது. சென்னை வெள்ளக்காடானது அந்த ஆண்டுதான். நகரத்தைத் தவிக்கவிட்ட அதே மழை கடலோர வயல்களுக்கு மருந்தானது. வயல்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பியதற்கு முதல் காரணம் இது.

மணற்பாங்கான நிலங்களில் உப்பு ஆழமாக இறங்கியது. ஆனால் அதே வேகத்தில் மழையில் வெளியேறியது. களிமண் நிலங்களின் கதை அவ்வளவு நேரானதல்ல.

இடையில் ஒரு கோடைக்காலம் இருந்ததையும் மறக்கக் கூடாது. எண்ணெய் திரியில் ஏறுவது போல, வெயில் காலத்தில் அடிமண் ஈரம் மேலே ஏறிவந்து ஆவியாகும். உப்பு மேலே தங்கும். வெள்ளை பூப்பது இதனால்தான். பூத்த உப்பைச் சுரண்டி அள்ளி வயலுக்கு வெளியே போடுவதும், மண் காய்ந்த பிறகு மேலாகப் புழுதி உழவு ஓட்டித் திரியை அறுத்துவிடுவதும், வைக்கோல் மூடாக்குப் போடுவதும் அந்தக் கோடைக்கு ஏற்ற வேலைகள்.

ஆறு கடலைத் தொடும் இடத்தில்

இப்போது இரண்டாவது புதிர். உப்பைக் கழுவிய பிறகு களிமண் ஏன் கெடுகிறது?

புதுவெள்ளம் வரும்போது ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும். ஆற்று நீர் செம்மண் நிறத்தில் கலங்கி வருகிறது. கடலுக்குள் சிறிது தூரம் போனதும் நீர் தெளிந்துவிடுகிறது. பல நூறு கிலோமீட்டர் மிதந்தே வந்த களித்துகள்கள், உப்புநீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனம் தாங்காமல் அடியில் படிகின்றன. டெல்டாக்கள் உருவாவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உப்புநீரில் களி திரளும். நன்னீரில் பிரிந்து மிதக்கும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டு வயலுக்குத் திரும்புவோம்.

களித்துகள் என்பது அப்பளம் போன்ற மெல்லிய தகடு, கண்ணுக்குத் தெரியாத அளவில். அப்பளக் கட்டைப் போல அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டின் மேலும் எதிர்மின்சுமை இருப்பதால், நேர்மின்சுமை கொண்ட அணுக்களைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல வயலில் அந்த இடத்தில் பெரும்பாலும் சுண்ணச்சத்து, அதாவது கால்சியம் இருக்கும். கால்சியத்துக்கு இரண்டு கை. இந்தத் தகட்டை ஒரு கையாலும் அடுத்த தகட்டை மறு கையாலும் பிடித்து இழுத்து வைத்திருக்கும். தகடுகள் கட்டுக்கட்டாக நிற்கும். கட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நீர் இறங்கும், வேர் நுழையும், காற்று போகும்.

கடல்நீர் வந்தது. அதன் உப்பில் மிகப் பெரும்பங்கு நாம் சமையலில் போடும் சோடிய உப்புதான். கூட்டம் கூட்டமாக வந்த சோடியம், தகடுகளில் இருந்த கால்சியத்தை இடம்பெயர்த்துவிட்டுத் தான் உட்கார்ந்தது. சோடியத்துக்கு ஒரே கை. போதாக்குறைக்கு, தன்னைச் சுற்றி நீரைப் பெரிய போர்வையாகப் போர்த்திக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. எனவே தகடுகளை அது இறுக்கிப் பிடிப்பதில்லை.

ஆனாலும் கடல்நீர் நிற்கும்வரை வயலில் எந்த மாற்றமும் தெரியாது. சுற்றிலும் உப்பு நிறைந்திருப்பதால், முகத்துவாரத்தில் நடந்தது போலவே களி திரண்டே இருக்கும். மண் பொலபொலவென்றுதான் இருக்கும். பிறகு மழை பெய்கிறது. மழைநீர் கரைந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. தகட்டில் ஒட்டிய சோடியம் மட்டும் அங்கேயே இருக்கிறது. உப்பின் காவல் விலகியதும் தகடுகள் ஊதி, விலகி, தனித்தனியாகச் சிதறி, மண்ணின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. நீர் இறங்கும் வழி மூடிவிடுகிறது. மேலே கலங்கிய நீர் நாள்கணக்கில் நிற்கும்; காய்ந்தால் ஓடாக இறுகும்; விதை முளைத்தாலும் அதை உடைத்துக்கொண்டு வர முடியாது.

இதுதான் களர். உவரில் நீர் கெட்டிருந்தது. களரில் மண்ணின் உடம்பே கெட்டுவிட்டது. இனி எத்தனை மழை பெய்தாலும் கழுவ முடியாது, ஏனென்றால் நீர் உள்ளே போனால்தானே கழுவும். ஓராண்டில் தீர்ந்திருக்க வேண்டிய நோய் பல ஆண்டு நோயாவது இந்த இடத்தில்தான்.

ஒரு டம்ளர் மழைநீர்

உங்கள் மண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீர் பிடித்துக்கொள்ளுங்கள். வயலில் எடுத்துக் காயவைத்த மண்ணில் பட்டாணி அளவுக் கட்டி ஒன்றை, கலக்காமல், மெதுவாக உள்ளே விடுங்கள். டம்ளரை அசைக்காமல் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள்.

கட்டி பொடிப்பொடியாக உதிர்ந்து, அதைச் சுற்றி நீர் தெளிவாகவே இருந்தால் கவலையில்லை. உதிர்வது இயல்பு. கட்டியைச் சுற்றி அரிசி களைந்த நீர் போல வெண்புகை மண்டியிருந்தால், களித்தகடுகள் ஒன்றை ஒன்று விட்டு விலகுகின்றன என்று பொருள், சோடியம் குடியேறிவிட்டது.

இந்தச் சோதனைக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை எடுக்காதீர்கள். அதில் உள்ள உப்பே களியைத் திரட்டிப் பிடித்து, கெட்ட மண்ணையும் நல்லதுபோலக் காட்டிவிடும். சுனாமிக்குப் பிந்தைய வயல் முதல் சில வாரங்கள் நம்மை ஏமாற்றுவதும் இதே போலத்தான். டம்ளர் எச்சரிக்கை மட்டும் தரும். எவ்வளவு மருந்து என்பதை மண் பரிசோதனை நிலையம்தான் சொல்ல முடியும்.

மழைக்கு முன் ஜிப்சம்

தகட்டிலிருந்து சோடியத்தை எழுப்பிவிட வேண்டும். அங்கே மறுபடி கால்சியத்தை உட்கார வைக்க வேண்டும். அதற்கு மலிவாகக் கிடைக்கும் பொருள் ஜிப்சம். சுண்ணச்சத்தும் கந்தகச்சத்தும் சேர்ந்த கனிமம். கரைந்ததும் அதன் கால்சியம் தகட்டில் ஏறிக்கொள்ளும். விரட்டப்பட்ட சோடியம் மழைநீரோடு கீழே போகும்.

தூவிய உடனே இது நடந்துவிடாது. ஜிப்சம் சர்க்கரை போல் கரைவதில்லை. ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் கரையும். நம் ஏக்கருக்கு ஒரு டன் ஜிப்சம் போட்டால் அது கரைய 4 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அதாவது 10 சென்டிமீட்டர் மழை. அலை வரப்புக்குள் விட்டுச்சென்ற அதே அளவு. களிமண்ணுக்கும் சோடியத்தின் அளவுக்கும் ஏற்ப ஏக்கருக்கு ஒன்றிரண்டு டன் என்பது வழக்கமான அளவு.

வரிசையின் முக்கியத்துவம் இங்கேதான். ஜிப்சம் தூவி மேல்மண்ணில் கலந்து வைத்த வயலில் மழை பெய்தால், மழையே மருந்தைக் கரைக்கிறது, மருந்தே மண்ணைத் திறந்து வைக்கிறது, திறந்த மண்ணின் வழியே உப்பும் சோடியமும் சேர்ந்தே வெளியேறுகின்றன. ஜிப்சம் இல்லாத வயலில் அதே மழை பெய்தால், முதலில் உப்பு போகும், பிறகு வழி அடைபடும், பிறகு எவ்வளவு ஜிப்சம் போட்டாலும் கரைத்து உள்ளே கொண்டுபோக நீர் இறங்காது. இரண்டு வயல்களும் பெற்ற மழை ஒன்று, செலவும் ஏறத்தாழ ஒன்று. முந்திக்கொண்டது எது என்பதுதான் வேறுபாடு.

நெதர்லாந்துக்காரர்கள் இதைப் பட்டு அறிந்தவர்கள். 1944இல் போரின்போது வால்கரன் தீவின் கடல்தடுப்புக் கரைகள் உடைக்கப்பட்டு வயல்களில் கடல் புகுந்தது. 1953 பிப்ரவரி முதல் நாள் புயற்கடல் கரைகளை உடைத்து உள்ளே வந்து, 1,836 பேரைக் கொன்றது. அதன்பின் ஜீலாந்து மாகாணத்து வயல்களை மீட்க அவர்கள் கையில் எடுத்ததும் ஜிப்சத்தைத்தான்.

நமக்கு அது தொலைவில் இல்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரின் பக்கத்தில் களிமண் சரிவுகளில் ஜிப்சம் பளபளவென்று நரம்பு நரம்பாக ஓடுவதைப் பார்க்கலாம். அந்தக் களி ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலின் அடித்தரை. இன்றைய கடல் கெடுத்த மண்ணுக்கு அன்றைய கடல்தரையில் மருந்து இருக்கிறது.

வேர் செய்யும் உழவு

ஜிப்சத்துக்கு அடுத்து தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு இருபது கிலோ விதை. உப்பையும் தாங்கும், தேங்கிய நீரையும் தாங்கும். இறுகிய மண்ணுக்குள் அதன் வேர் துளைத்துக்கொண்டு போகும். வேர் போன வழியில் பிறகு நீர் போகும். சுமார் 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதுவிட வேண்டும். அழுகும் தழை கரியமில வாயுவை விடும். அது மண்நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி, மண்ணில் ஏற்கெனவே கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைக்கும். அதிலிருந்தும் கால்சியம் விடுபட்டுத் தகட்டுக்குப் போகும். ஜிப்சம் வெளியிலிருந்து கொண்டுவரும் பொருளை, தக்கைப்பூண்டு உள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. சுனாமிக்குப் பிறகு இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் நாகைக் கடலோரத்தில் தழையையும் மட்கையும் நம்பி நிலங்களை மீட்கும் வேலையில் இறங்கியதன் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது.

முதல் ஓரிரு போகத்துக்கு நெல் ரகத்தையும் பார்த்து எடுக்க வேண்டும். உப்பைத் தாங்கும் திருச்சி 1, கோ 43 போன்ற ரகங்களும் குழிவெடிச்சான், களர்பாலை போன்ற நாட்டு ரகங்களும் நம்மிடம் இருக்கின்றன. களர்பாலையின் பெயரே அது எந்த மண்ணில் பழகியது என்று சொல்கிறது.

கிணற்றோடு அவசரம் வேண்டாம்

நல்ல மனதோடு செய்து கெடுத்துவிடக்கூடிய இன்னொரு வேலை, கடல்நீர் புகுந்த கிணற்றை மோட்டார் வைத்து ஓயாமல் இறைப்பது.

கடலோர மணலுக்கு அடியில் நன்னீர் தனியாக இல்லை. கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பதடி ஆழத்துக்கு அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். திருப்பிச் சொன்னால், மேலே ஓரடி குறைந்தால் அடியில் உப்புநீர் நாற்பதடி வரை ஏறப் பார்க்கும். மேலிருந்து விழுந்த கடல்நீரை எடுக்கப் போய், கீழிருந்து கடலை நாமே அழைத்துக்கொள்கிறோம். இலங்கையின் கிழக்குக் கரையில் 2005இல் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் உவர்ப்பு நீங்காத இடங்களில், கடைசியில் கைகொடுத்தது மழைதான். சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒருமுறை மெதுவாக இறைக்கலாம். அதற்குமேல் பொறுமைதான் மருந்து.

ஒரு தாளில் எழுதக்கூடிய திட்டம்

பேரிடர்த் திட்டம் என்றதும் ஆட்சியர் அலுவலகத்துக் கோப்பு நினைவுக்கு வருகிறது. உழவருக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். கடல் வந்த மறுநாள் வீடும் உறவும் சிதைந்து நிற்கும் மனிதரால் சோடியத்தைப் பற்றி யோசிக்க முடியாது. யோசனையை முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தாள்.

புரட்டாசிக்குள்: வடிகாலைத் தூர்வாரி, நீர் எந்தப் பக்கம் ஓடும், வரப்பை எந்த இடத்தில் வெட்டலாம் என்று பார்த்து வைப்பது. என் வடிகால் பக்கத்து வயல் வழியாகத்தான் போகும் என்பதால், இதை அண்ணன் தம்பிகளாக உட்கார்ந்து பேசித்தான் முடிக்க முடியும். ஒரு பொட்டலம் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, கெடுவதற்கு முன் மண் எப்படி இருந்தது என்ற குறிப்பை வைத்துக்கொள்வது. சிட்டா, அடங்கல், காப்பீட்டு ரசீது, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நனையாத உறையில் போட்டு, ஒன்றை உள்ளூரில் இல்லாத உறவினரிடம் கொடுத்து வைப்பது.

எச்சரிக்கை வந்தவுடன்: முதலில் மனிதர்கள். மாடு கன்றுகளை மேட்டுக்கு ஓட்ட நேரமில்லை என்றால் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்தாவது விடுவது. கயிற்றில் நிற்கும் மாட்டுக்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை.

முதல் மூன்று நாள்: நீரை வடிப்பது. படம் எடுப்பது. காப்பீட்டில் சில வகைச் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அரசு நிவாரணத்துக்குப் பயிர்ச்சேதம் 33 சதவீதத்தைத் தாண்டியதா என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் கிராம நிர்வாக அலுவலர் வரும்போது வயல் சேதத்தோடு இருந்ததற்குச் சான்று வேண்டும்.

முதல் கோடை: மணலையும் பூத்த உப்பையும் அள்ளுவது. ஈரமாக இருக்கும்போது டிராக்டரை இறக்காமல் இருப்பது. ஜிப்சத்தைக் கலந்து வைப்பது.

முதல் மழை: வரப்பை உயர்த்தி நீரைத் தேக்கி இறங்கவிடுவது. தக்கைப்பூண்டு. அதன்பின் உப்பைத் தாங்கும் நெல்.

இந்த வரிசையில் எதுவும் பெரிய செலவு பிடிப்பதல்ல. வரிசையை மாற்றினால்தான் செலவு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நட்டது

வேதாரண்யம் பக்கத்தில் நாலுவேதபதி என்ற கடலோரக் கிராமம். 2002இல் அந்த ஊர் மக்கள் கூடி 24 மணி நேரத்துக்குள் 80,244 மரக்கன்றுகளை நட்டு கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். அப்போது அது ஒரு சாதனைச் செய்தி. இரண்டே ஆண்டில், ஆழிப்பேரலை வந்த காலையில், கடலுக்கும் ஊருக்கும் நடுவே அந்த மரங்கள் நின்றன. அலையின் வேகத்தைத் தணித்து ஊரைக் காத்தவை அவைதான் என்று மக்கள் சொன்னார்கள். நட்ட அன்று சுனாமி என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியதும் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். கடல் இந்தக் கரையைத் தேடி மீண்டும் வரும். எந்த வருஷம் என்று எவராலும் சொல்ல முடியாது. எந்த மாதங்களில் வாய்ப்பு அதிகம் என்று சொல்ல முடியும். ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் வடிகாலில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். அது நிற்காமல் ஓடினால், 140 மூட்டை உப்பு வெளியேற வழி இருக்கிறது.